முடி மாத்திரை

என் அண்ணன் மகள் தமிழ்மொழிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். பெரம்பலூரில் என் பியூட்டி பார்லர் வாசலில் இருக்கிற போர்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அவள்தான். பக்கத்தில் நான் காய்ச்சி விற்கும் மூலிகை எண்ணெய் பாட்டில். “இது யாருங்க, சினிமாவுல நடிக்கிற பொண்ணா?” என்று கேட்பவர்களிடம், “எங்க அண்ணன் பொண்ணுங்க. கீழப்பழுவூர்ல இருக்கா. நம்ம எண்ணெயைத் தவிர வேற எதையும் தலையில வச்சதில்ல” என்பேன்.

தலையில் வைத்ததில்லை என்பது சத்தியமான உண்மை. வயிற்றுக்குள் போனதைத்தான் நான் சொல்வதில்லை.

தமிழ்மொழி போலீஸ் வேலைக்குப் படித்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது ஓட்டம். அதற்காகத் தினமும் விடியும்போதே மைதானத்தில் போய் நின்றாள். வெயில், வியர்வை, புழுதி எல்லாம் சேர்ந்து, சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

“அத்தை, பேசாம குட்டையா வெட்டிக்கிறேன். ஓடும்போது முதுகுல மூட்டையைக் கட்டின மாதிரி இருக்கு” என்றாள் ஒரு நாள்.

“வெட்டு, நல்லா வெட்டு. அப்படியே என் கழுத்தையும் சேத்து வெட்டிட்டுப் போ” என்றேன்.

அவள் முடி போனால் என் போர்டு போகும். போர்டு போனால் எண்ணெய் போகும். அதனால் பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முடி வளர்வதற்கென்று மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிற சத்து மாத்திரை. விஷம் ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒன்று போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போடச் சொன்னேன். எனக்கு எதிலும் அவசரம். “யார்கிட்டயும் சொல்லாதடி. உங்கம்மாகிட்டகூட வாயைத் தொறக்காத” என்று வேறு சொல்லி வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அத்தை பேச்சை அவள் தட்டியதே இல்லை.

ஓட்டத்துக்கு முன்னால் அவளை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது என் அண்ணி பூமாலை. காரணம் என் அண்ணன் அறிவரசன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில், லாரியை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினான். இறங்கின இடத்திலேயே விழுந்தான். தூக்கும்போதே உயிர் இல்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை அவன். வெயில் தாங்காமல் போய்விட்டான் என்று ஊரே சொன்னது. நானும் அதையே சொன்னேன். அண்ணி மட்டும் நம்பவில்லை. மகள் ஓடி வந்து மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அவளுக்குப் புருஷன் முகம்தான் தெரிந்ததாம்.

“நெஞ்சை ஒரு தடவை காட்டிட்டு வந்துடு செல்வி. எனக்கு மனசே கேக்க மாட்டேங்குது” என்று என்னிடம்தான் பொறுப்பைக் கொடுத்தாள். எனக்குத்தானே டவுனில் நாலு பேரைத் தெரியும், எனக்குத்தானே வாய் உண்டு!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது.

இதய டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், எக்கோ எடுத்தார், அண்ணன் விழுந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு திரையில் ஒரு படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார்.

“இதயத்தோட சுவர் கொஞ்சம் தடிமனா இருக்கும்மா. தினம் ஓடுறவங்களுக்கு இப்படி ஆகுறது உண்டு. அதுல ஆபத்து இல்ல. ஆனா பிறவியிலேயே வர்ற ஒரு நோய் இருக்கு. அபூர்வம்தான். இதயத் தசை தடிச்சுக்கிட்டே போகும். பரம்பரையா வரும். அது இருக்கறவங்க வேகமா ஓடினா, ஓடும்போதே இதயம் நின்னு போகலாம். உங்க அண்ணனுக்கு அதுவா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்.”

“அப்ப இவளுக்கு?” என்றேன்.

“படத்தை வச்சு மட்டும் சொல்ல முடியல. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இதயத் தசை உள்ளுக்குள்ள சிரமப்பட்டுதுன்னா, அதுலேர்ந்து சில புரதங்கள் ரத்தத்துல கலக்கும். அதை அளந்து பார்த்தா எந்தப் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சுடும்.” பிறகு தமிழ்மொழியிடம் திரும்பினார். “நீ ஏதாவது மாத்திரை சாப்பிடறியாம்மா? சத்து மாத்திரையா இருந்தாலும் சொல்லு.”

தமிழ்மொழி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான், டாக்டருக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்ற நர்ஸைப் பார்த்தேன். லப்பைக்குடிகாட்டுக்காரி ஆஃப்ரா. என் கடை வாடிக்கை. மாதம் தவறாமல் என் எண்ணெயை வாங்குகிறவள். தனக்கு மட்டுமா, மாமியார், நாத்தனார், எதிர்வீடு என்று ஒரு தெருவுக்கே வாங்கிப் போகிறவள். நாங்கள் உள்ளே நுழையும்போதே தமிழ்மொழியின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, “மாஷா அல்லாஹ்! போர்டுல இருக்கறது இவங்கதானாக்கா?” என்று பூரித்துப் போயிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன், இதெல்லாம் எண்ணெயால் வந்தது இல்லை, மாத்திரையால் நிற்கிறது என்று?

“ஒண்ணும் இல்ல சார். கீரையும் முட்டையும்தான். தலைவலிக்குக்கூட மாத்திரை தொட மாட்டா” என்றேன்.

ஆஃப்ரா எழுதிக்கொண்டாள். தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். முடி மாத்திரைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் இந்த மனுஷன் என்று நான் மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்தான்.

ரத்தத்தில் எல்லாம் அளவோடு இருப்பதாக முடிவு வந்தது. “ஓட்டத்தால வந்த தடிப்புன்னுதான் தெரியுது. ஓடட்டும். தேர்வு முடிஞ்சதும் திருச்சியில ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்” என்றார் டாக்டர். அண்ணி கோயிலில் தேங்காய் உடைத்தாள். நான் போனில் ஊருக்கெல்லாம் சொன்னேன். அந்த மாத்திரை அப்புறம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆஃப்ரா புருவம் திருத்த வந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். வாயில் நூல் இருக்கும்போது மட்டும்தான் நான் அடுத்தவர்களைப் பேச விடுவேன்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க எண்ணெய் எனக்கு ஒத்துக்கல போல. முடி கொட்டுறது நிக்கவே மாட்டேங்குது. அதான் எங்க வூட்டுக்காரரு துபாய்லேர்ந்து முடி மாத்திரை குடுத்து விட்டாரு. இப்ப அதையும் நிறுத்தியாச்சு.”

“ம்?” என்றேன் நூலோடு.

“தைராய்டு டெஸ்ட் எடுக்கணும்க்கா. அந்த மாத்திரையை நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு வான்னு எங்க லேப்ல சொல்லிட்டாங்க. அது ரத்தத்துல கலந்திருந்தா மெஷினே ஏமாந்துடுமாம். தைராய்டுன்னு இல்ல, ஹார்ட்டுக்குப் பாக்குற டெஸ்டும் அப்படித்தானாம். கூட இருக்கறதைக் கொறைச்சுக் காட்டிடுமாம். அதனாலதான் எங்க சார் சத்து மாத்திரையைக்கூட விடாம கேக்குறாரு. இத்தனை நாளா எழுதிக்கிட்டிருக்கேன், எனக்கே இப்பதான் காரணம் தெரிஞ்சுது, அல்லாஹ்!”

நூல் அறுந்தது. “ஸ்ஸ்...” என்றாள் ஆஃப்ரா. புருவத்து ஓரத்தில் பொட்டு ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டருக்கு அவளே போன் போட்டுக் கொடுத்திருப்பாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா வாடிட்டீங்க? எண்ணெயைச் சொன்னதுக்கா? சரி விடுங்க, எங்க மாமிக்கு ஒரு பாட்டில் குடுங்க, அவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள் அந்தப் புண்ணியவதி. நான் கொடுத்தேன். கூச்சநாச்சம் இல்லாமல் பையில் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் போன பிறகு எனக்கு நானே வக்கீலாக நின்றேன். எல்லா மெஷினும் ஏமாறுமா என்ன? ஆஃப்ரா என்ன டாக்டரா? இவ்வளவு நாள் ஓடினவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரே ஒரு நாள் ஓடினால் ஆகிவிடுமா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்ததும் என் அண்ணன் லாரியிலிருந்து இறங்கினான். இறங்கி, விழுந்தான். அவனும்தான் எல்லா நாளும் இறங்கினான்.

மறுநாள் மத்தியானம் தமிழ்மொழி பையோடு வந்து நின்றாள். விடிந்தால் திருச்சியில் ஓட்டம். என் வீட்டில் தங்கிவிட்டு முதல் பஸ்ஸில் போவதாகப் பேச்சு.

“அத்தை, கொண்டையை நல்லா இறுக்கிக் கட்டி விடுங்க. பாதியில அவுந்துட்டா மானம் போயிடும்” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சீப்பை எடுத்தேன். வாரினேன். சீப்பில் ஒரு முடி வரவில்லை.

“பாத்தீங்களா, கொட்டுறதே நின்னுடுச்சு. ஒரு வேளைகூட விடல அத்தை. இன்னைக்குக் காலையிலகூட போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

என் பேச்சைக் கேட்டு, என் பேச்சை மட்டுமே கேட்டு, தினமும் இரண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறாள் என் அண்ணன் பெண். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“ஓடாதடி” என்றேன்.

“என்ன அத்தை?”

சொன்னேன். ஆஃப்ரா சொன்னதை அப்படியே சொன்னேன், டாக்டரிடம் நான் ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“அவரு கேட்டப்ப நான் உங்களைத்தான் பாத்தேன்.”

“பாத்தடி.”

“நீங்க கண்ணைக் காட்டியிருந்தா சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்படி. தப்பு என்மேலதான்.”

“ஒரு எண்ணெய் பாட்டிலுக்காகவா அத்தை?”

நாலு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்ட விதத்தில் கோபம்கூட இல்லை. விலை இவ்வளவுதானா என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது.

அப்படியே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆஃப்ராவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நான் கேட்டேனேம்மா” என்றார். அவ்வளவுதான். ஆஃப்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருவத்தில் நான் கீறின இடம் இன்னும் சிவந்திருந்தது.

“மாத்திரையை இன்னையோட நிறுத்தட்டும். ஒரு வாரம் போகட்டும், மறுபடி ரத்தம் எடுப்போம். அதுவரைக்கும் ஓடக்கூடாது.”

“நாளைக்குத்தான் சார் ஓட்டம்” என்றாள் தமிழ்மொழி. “முன்ன வந்ததே சரியான அளவா இருக்கலாம்ல சார்? எனக்கு ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம். ஆனா தெரியாம உன்னை ஓடச் சொல்ல முடியாதும்மா.”

தேதியை மாற்றிக் கேட்டுப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கேட்டோம். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனோடு கூடப் பிறந்தவள் என்பதால் அன்றைக்கே என் நெஞ்சையும் பார்த்தார் டாக்டர். சுத்தமாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஓடியே பழகாத எனக்கு நல்ல இதயம்! அதை வெளியே சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணியிடமும் ஒளிக்கவில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் கீழப்பழுவூருக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பவாவது சொன்னியே செல்வி. வேலை கெடக்குது வேலை, உசுரு இருந்தாப் போதும்” என்றாள். இதற்குத் திட்டே தேவலை.

ஓட்டம் நடந்த அன்று தமிழ்மொழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் மீன் குழம்பு வைத்து எடுத்துப் போயிருந்தேன். சீந்தவில்லை. பத்தரை மணி வாக்கில் அவளோடு ஓடிப் பழகிய பெண் திருச்சியிலிருந்து போன் செய்து, தான் தேறிவிட்டதாகச் சொன்னாள். “சூப்பர்டி! ட்ரீட் எப்ப?” என்று தமிழ்மொழி சிரித்துத்தான் பேசினாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த வாரம் ரத்தம் நல்லா வந்துச்சுன்னா என்ன அத்தை பண்ணுவீங்க?”

நான் குழம்புச் சட்டியை மூடினேன், திறந்தேன். அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. நோய் இல்லை என்று வந்தால், அவள் ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் தேறியிருப்பாள், அவளைவிட மெதுவாக ஓடுகிறவள் தேறியிருக்கிறாளே! வருஷக்கணக்காகப் படித்த படிப்பை நான் ஒரு பொய்யால் குழியில் தள்ளியதாக ஆகும். நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், மாத்திரையை நிறுத்தி, ரத்தம் எடுத்து, சந்தேகம் தீர்ந்து, உரிய நாளில் ஓடியிருப்பாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடையில் முடி வெட்டும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது, சோற்றில் கை வைத்தால் வந்தது. மறுபடி ரத்தம் கொடுத்த அன்று அண்ணி என்னைச் சிவன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, “எம் புள்ளைக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது, ஒண்ணும் இருக்கக்கூடாது” என்று உருகினாள். நானும் பக்கத்தில் கை கூப்பி நின்றேன். என் மனசு என்ன வேண்டிக்கொண்டது தெரியுமா?

இருக்கணும்.

இருந்துவிட்டால் நான் உயிரைக் காப்பாற்றினவள். இல்லாவிட்டால் வேலையைக் கெடுத்தவள். சாமி முன்னால் நின்றுகொண்டு, தூக்கி வளர்த்த பெண்ணுக்கு நோய் இருக்கட்டும் என்று கேட்டேன். பதறிப்போய்க் கண்ணைத் திறந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “இல்ல சாமி, வேண்டாம் சாமி, ஒண்ணும் இருக்கக்கூடாது” என்று வாய்விட்டுச் சொன்னேன். வாய் சொன்னதே ஒழிய, அடியில் கிடந்தது அப்படியேதான் கிடந்தது. சீ, நானெல்லாம் ஒரு பொம்பளையா? அண்ணி என் தோளைத் தட்டி, “அழாத செல்வி, நீ வேண்டினது கேட்டிருக்கும்” என்றாள்.

முடிவு வாங்க மூன்று பேரும் போனோம். டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு தமிழ்மொழியைப் பார்த்தார். ஆஃப்ரா கதவோரமாக நின்றிருந்தாள்.

“அளவு ரொம்பவே கூட இருக்கும்மா. இது ஓட்டத்தால வர்றது இல்ல. உங்க அப்பாவுக்கு இருந்த அதே நோய்தான்னு நினைக்கிறேன். திருச்சி ஸ்கேன்ல உறுதி பண்ணிடலாம். பயப்பட வேண்டாம், மருந்து இருக்கு, கவனமா இருந்தா எல்லாரையும் போல வாழலாம். ஆனா இனிமே ஓட்டம் கிடையாது. நல்லவேளை, அன்னைக்கு ஓடல.”

“அப்பாடா!”

யாரோ சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, அது என் குரல். நெஞ்சில் ஒரு வாரமாகக் கிடந்த பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி, நன்றாக மூச்சை விட்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன்.

அண்ணி காதில் அது விழவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, “ஐயோ, அவரையும் குடுத்து, இவளையுமா” என்று குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆஃப்ரா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல அண்ணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தமிழ்மொழி மெதுவாகத் திரும்பினாள். என் முகத்தில் இருந்ததை முழுசாகப் படித்தாள். பிறகு என் காதோரம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அத்தை, அம்மா பாக்குறதுக்காவது கொஞ்சம் அழுங்க.”

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நிற்காமல் வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் இனி என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.